பீரியட்ஸ் வலியும் பாலிசியின் 17-வது விதியும்: எண்டோமெட்ரியோசிஸ் யாருக்கு வரும், செலவை யார் தருவாங்க?

போன மாசம் வந்த ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்கிறேன். அனுப்பினவங்களுக்கு 29 வயசு, ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனியில வேலை. கல்யாணம் ஆகி மூணு வருஷம், குழந்தை இல்லை. கருத்தரிப்பு மையத்துக்குப் போனாங்க, லேப்ராஸ்கோபி பண்ணிப் பார்க்கலாம்னு சொன்னாங்க, பண்ணியாச்சு. உள்ளே பார்த்தா எண்டோமெட்ரியோசிஸ். இடது சினைப்பையில சாக்லேட் சிஸ்ட். அதையும் அப்பவே எடுத்தாச்சு. பில் ரூ.1,38,000.

கம்பெனி கொடுத்த குரூப் பாலிசி 5 லட்சத்துக்கு இருக்கு. கேஷ்லெஸ் கேட்டாங்க. ரிஜெக்ட். காரணம் ஒரே வரி: "குழந்தையின்மை தொடர்பான சிகிச்சை, விலக்கு 17."

அவங்க கேட்ட கேள்வி இதுதான். "எனக்கு 13 வயசுல இருந்தே பீரியட்ஸ்ல வாந்தி எடுக்கிற அளவுக்கு வலி. எல்லாருக்கும் வர்றதுதான்னு சொன்னாங்க. இப்போ டாக்டர் அது நோய்னு சொல்றாங்க. இன்சூரன்ஸ் கம்பெனி, நீங்க குழந்தைக்காகப் பண்ணிக்கிட்டீங்கன்னு சொல்லுது. இதுல நான் எங்கே தப்பு பண்ணேன் அண்ணா?"

தப்பு எதுவும் பண்ணலை. ஆனா 16 வருஷமா இருந்த வலி ஒரு இடத்துலகூட பேப்பர்ல ஏறலை. ஆஸ்பத்திரி ஃபைல்ல இருந்தது "திருமணமாகி 3 ஆண்டுகள், குழந்தை இல்லை" என்ற ஒரே வரி. பாலிசிக்காரங்க படிச்சதும் அந்த ஒரு வரியைத்தான்.

நம்ம சேனல் பணம் பத்திப் பேசற சேனல், திடீர்னு ஏன் கர்ப்பப்பைன்னு சிலர் கேட்கலாம். 23 வயசுல வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்துல ஐஃபோன் இஎம்ஐ போட்டு, "ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்குதே"ன்னு இருக்கற ஒவ்வொருத்தருக்கும் இது பணப் பிரச்சினைதான். பசங்களும் ஸ்கிப் பண்ணாம படிங்க. உங்க மனைவி, தங்கை, வரப்போற மனைவி யாரோ ஒருத்தருக்கு இது தேவைப்படும். பில் பெரும்பாலும் உங்க கார்டுலதான் விழும்.

முதல்ல இது என்ன?

கர்ப்பப்பைக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய படலம் இருக்கு. மாசாமாசம் வளர்ந்து, உதிர்ந்து, ரத்தமா வெளியே வருது. அதே மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பை மேல, கருக்குழாய் பக்கத்துல, குடல் மேலகூட ஒட்டி வளர்ந்தா அதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அங்கேயும் மாசாமாசம் ரத்தம் கசியும், ஆனா வெளியே வர வழி இல்லை. வீக்கம் வரும், தழும்பு வரும், உறுப்புகள் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும். சினைப்பைக்குள்ள பழைய ரத்தம் தேங்கி, உருகின சாக்லேட் நிறத்துல கட்டியானா அதைத்தான் சாக்லேட் சிஸ்ட்னு சொல்றாங்க.

உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி, குழந்தை பெறும் வயசுல இருக்கற பெண்கள்ல சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருக்கு. குழந்தை இல்லைன்னு சிகிச்சைக்கு வர்ற பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்தா இது 25-லிருந்து 50 சதவீதம் வரைக்கும் போகுது. அறிகுறி தொடங்கி நோயின் பேர் தெரியறதுக்கு 4 முதல் 12 வருஷம் வரை ஆகுதுன்னும் அதே நிறுவனம் சொல்லுது. இந்த இடைவெளியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. பாலிசி பத்திப் பேசும்போது இது திரும்ப வரும்.

யாருக்கு வர வாய்ப்பு அதிகம்?

இதைத் தெரிஞ்சுக்க ரூபாய் செலவில்லை. வீட்டுல அம்மாகிட்ட பத்து நிமிஷம் பேசினா போதும்.

முதல் கேள்வி: அம்மாவுக்கோ அக்கா தங்கச்சிக்கோ இது இருந்திருக்கா? ரத்த உறவுல ஒருத்தருக்கு இருந்தா, மத்தவங்களுக்கு வர்ற வாய்ப்பு பல மடங்கு கூடுது. இரட்டையர்களை வச்சுப் பண்ணின ஆய்வுகள்ல, இந்த நோய் வர்றதுக்கான காரணத்துல ஏறக்குறைய பாதி பரம்பரைதான்னு கணக்கிட்டிருக்காங்க. சிக்கல் என்னன்னா, நம்ம அம்மாக்கள் தலைமுறையில யாருக்கும் அந்தப் பேர் தெரியாது. "எண்டோமெட்ரியோசிஸ் இருந்துச்சா"ன்னு கேட்டா "இல்லையே"ன்னுதான் பதில் வரும். வேற மாதிரி கேளுங்க. "தூரம் வந்தா படுத்த படுக்கையா இருப்பீங்களா? 40 வயசுக்கு முன்னாடியே கர்ப்பப்பையை எடுத்தாங்களே, எதுக்கு எடுத்தாங்க? சித்திக்கு ரொம்ப வருஷம் கழிச்சுக் குழந்தை பிறந்ததே, அப்போ டாக்டர் என்ன சொன்னார்?" அப்பதான் கதை வெளியே வரும்.

அடுத்தது மாதவிடாயோட கணக்கு. 11, 12 வயசுக்கு முன்னாடியே வயசுக்கு வந்தவங்க, 27 நாளோ அதுக்குள்ளயோ அடுத்த பீரியட்ஸ் வந்துடறவங்க, ஒரு வாரத்துக்கு மேல ரத்தப்போக்கு இருக்கறவங்க, ரொம்ப அதிகமாப் போறவங்க. இவங்களுக்கெல்லாம் வாய்ப்பு கூடுதல். யோசிச்சா லாஜிக் புரியும். வாழ்நாள்ல எத்தனை தடவை பீரியட்ஸ் வருது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ரத்தம் என்பதுதான் இங்கே கூடுது. மாதவிடாய் ரத்தத்துல கொஞ்சம் பின்பக்கமா கருக்குழாய் வழியா வயித்துக்குள்ள போகும். அதோட போற திசு அங்கேயே ஒட்டி வளருதுன்னு ஒரு விளக்கம் ரொம்ப காலமா இருக்கு. பெரும்பாலான பெண்களுக்கு அப்படிப் பின்பக்கம் போகத்தான் செய்யுது, எல்லாருக்கும் நோய் வர்றதில்லை. அதனால அது முழுக்கதை இல்லை. ஆனா மேலே சொன்ன காரணிகளோட அது பொருந்துது. பிறவியிலேயே கர்ப்பப்பை அமைப்புல அடைப்பு இருந்து ரத்தம் வெளியே வர வழி குறைவா இருந்தாலும் வாய்ப்பு கூடுறதுக்கு இதுதான் காரணம்.

பல பேர் எதிர்பார்க்காத ஒண்ணு: ஒல்லியா இருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமா வருது. பிசிஓடியும் இதையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கறாங்க. "நான் வெயிட் இல்லையே, எனக்கு ஒண்ணும் வராது"ன்னு இங்கே சொல்ல முடியாது. குழந்தை பெற்றவங்களுக்கும், நீண்ட நாள் தாய்ப்பால் கொடுத்தவங்களுக்கும் வாய்ப்பு குறைவுன்னு ஆய்வுகள் சொல்லுது. காபி, மைதா, பிராய்லர் சிக்கன்னு வாட்ஸ்அப்ல வர்ற பட்டியலுக்கு அந்த அளவு சான்று கிடையாது. அதை நம்பி ஆயிரக்கணக்குல டீடாக்ஸ் பவுடர் வாங்காதீங்க.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கு. குழந்தை இல்லாதவங்களுக்கு இது அதிகமா இருக்குன்னு சொல்றோம் இல்லையா, அதுல ஒரு பகுதி தேடிப் பார்க்கறதால வர்றது. குழந்தை இல்லைன்னாதான் வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பார்க்கறாங்க. வலின்னு சொல்லிட்டு வர்ற 20 வயசுப் பொண்ணுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிடறாங்க. அதனால எண்டோமெட்ரியோசிஸ் குழந்தையின்மைக்குக் காரணமா, இல்லை குழந்தையின்மைக்காகத் தேடினப்போ கண்ல பட்டதா என்பதை ஒவ்வொருத்தருக்கும் தனியாத்தான் டாக்டர் முடிவு பண்ணணும். கருக்குழாய் ஒட்டிப் போயிருந்தாலோ, சினைப்பையில பெரிய கட்டி இருந்தாலோ காரணம் தெளிவு. லேசா ஒண்ணு ரெண்டு புள்ளி மட்டும் இருந்தா அவ்வளவு தெளிவில்லை.

குழந்தைக்காக முயற்சி பண்ற பெண்கள்ல யாரை முதல்ல சந்தேகப்படணும்? மேலே சொன்னவங்களோட, பீரியட்ஸ் நாள்ல வேலைக்கு லீவு போடற அளவு வலி, பீரியட்ஸ் இல்லாத நாள்லயும் அடிவயித்து வலி, தாம்பத்தியத்தின்போது உள்ளே ஆழமா வலி, அந்த நாள்கள்ல மலம் கழிக்கும்போது வலி. இதுல கடைசி ரெண்டும் வெட்கப்பட்டு யாரும் சொல்றதே இல்லை. டாக்டருக்கு ரொம்ப உதவுற தகவல் அது ரெண்டும்தான். கூடவே இன்னொண்ணு: வலியோட அளவும் நோயோட அளவும் ஒண்ணா இருக்காது. தாங்க முடியாத வலி இருக்கறவங்களுக்கு முதல் கட்டமா இருக்கலாம்; நாலாம் கட்டத்துல இருக்கறவங்க வலியே இல்லாம இருக்கலாம்.

"கல்யாணம் ஆனா சரியாயிடும், ஒரு குழந்தை பெத்துக்கிட்டா போயிடும்" என்ற அறிவுரை எல்லா வீட்டுலயும் உண்டு. கர்ப்ப காலத்துல பீரியட்ஸ் நிக்கறதால பலருக்கு வலி குறையும், அவ்வளவுதான். இந்த நோய்க்கு மருந்தா கர்ப்பத்தைப் பரிந்துரைக்கக் கூடாதுன்னு ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதலே சொல்லுது. குழந்தை வர்றதுக்கே தடையா இருக்கக் கூடிய ஒண்ணுக்குக் குழந்தையே மருந்துன்னு சொல்றது எந்தக் கணக்குன்னு எனக்குப் புரியலை.

டெஸ்ட்டுல பணம் எங்கே வீணாகுது?

சிஏ-125னு ஒரு ரத்தப் பரிசோதனை. இதை வச்சு எண்டோமெட்ரியோசிஸை உறுதி பண்ண முடியாது. அதே ஐரோப்பிய வழிகாட்டுதல், 2022 பதிப்பு, கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம்னே சொல்லுது. பேக்கேஜ்ல சேர்த்திருந்தா எதுக்குன்னு கேளுங்க.

ஸ்கேன் வேற விஷயம். அனுபவம் உள்ளவங்க பண்ற டிரான்ஸ்வெஜைனல் ஸ்கேன்ல சாக்லேட் சிஸ்ட்டும், ஆழமாப் பரவினதும் தெரியும். மேலோட்டமா இருக்கற புள்ளிகள் தெரியாது. முன்னாடி எல்லாம் லேப்ராஸ்கோபி பண்ணினாதான் உறுதின்னு இருந்துச்சு. இப்போ அப்படி இல்லை. ஸ்கேன்ல எதுவும் தெரியலை, மருந்துக்கும் கேட்கலைன்னாதான் கண்டுபிடிக்கறதுக்காக மட்டும் லேப்ராஸ்கோபின்னு மாறியிருக்கு. குழந்தைக்காக முயற்சி பண்றவங்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேற. "எனக்கு ஏன் இப்போ லேப்ராஸ்கோபி? இதனால முடிவு எப்படி மாறும்?"னு கேட்டுப் பதில் வாங்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

சிஸ்ட்டை எடுக்கச் சொன்னா இன்னொரு கேள்வி அவசியம். கட்டியை உரிச்சு எடுக்கும்போது பக்கத்துல இருக்கற நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போகும், முட்டை இருப்பு குறையலாம். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி ஏஎம்ஹெச் பார்த்தாச்சா, ரெண்டு பக்கமும் சிஸ்ட் இருந்தா முட்டையை முன்னாடியே எடுத்து உறைய வைக்கறது பத்திப் பேசணுமான்னு கேட்கணும். ஏஎம்ஹெச் ரெண்டாயிரம் ரூபாய் சமாசாரம். ஆபரேஷனுக்கு அப்புறம் "முன்னாடி எவ்வளவு இருந்துச்சு"ன்னு தெரியாம நிக்கறது ரொம்பப் பேருக்கு நடந்திருக்கு.

பசங்களுக்கு: மனைவியை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைக்கறதுக்கு முன்னாடி நீங்க விந்தணு பரிசோதனை பண்ணியாச்சா? சில நூறு ரூபாய், அரை மணி நேரம். குழந்தையின்மையில ஏறக்குறைய பாதித் தம்பதிகள்கிட்ட ஆண் பக்கக் காரணமும் சேர்ந்தே இருக்கு. செலவு குறைவான டெஸ்ட்டைக் கடைசியில பண்ற ஒரே இடம் நம்ம ஊர்ல இதுதான்.

இப்போ பாலிசியைத் திறங்க

உங்க பாலிசி பிடிஎஃப்ல "விலக்குகள்"னு ஒரு பகுதி இருக்கும். ஐஆர்டிஏஐ எல்லா கம்பெனிக்கும் பொதுவா நம்பர் போட்டு வச்சிருக்கு. அதுல நாலு நம்பர் நமக்கு வேணும்.

விலக்கு 1: முன்பே இருந்த நோய். பாலிசி எடுக்கறதுக்கு முன் 36 மாசத்துக்குள்ள டாக்டர் கண்டுபிடிச்ச, இல்லை சிகிச்சையோ ஆலோசனையோ கொடுத்த எதுவும் இதுல வரும். 2024 ஏப்ரல்ல இருந்து இதுக்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாசம். முன்னாடி 48 இருந்துச்சு.

விலக்கு 2: குறிப்பிட்ட நோய்களுக்கான காத்திருப்பு. கண்புரை, ஹெர்னியா, மூலம்னு ஒரு பட்டியல் இருக்கும். எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, சினைப்பைக் கட்டி, கர்ப்பப்பை அகற்றம் பெரும்பாலான பாலிசியில இந்தப் பட்டியல்லதான் இருக்கு. வழக்கமா 24 மாசம். பாலிசி எடுத்த அன்னிக்கு உங்களுக்கு ஒரு வலிகூட இல்லைன்னாலும் இந்த 24 மாசம் உண்டு. விலக்கு 1, 2 ரெண்டும் பொருந்தினா எது நீளமோ அது.

விலக்கு 4: வெறும் பரிசோதனைக்காக அட்மிட் ஆனா பணம் வராது. "டயக்னாஸ்டிக் லேப்ராஸ்கோபி"ன்னு மட்டும் எழுதியிருந்தா இங்கே மாட்டும்.

விலக்கு 17: குழந்தையின்மை, கருத்தடை, ஐயூஐ, ஐவிஎஃப், இக்ஸி, வாடகைத்தாய் எல்லாம். காத்திருப்பு முடிஞ்சாலும் வராது. தனியா இதுக்கான கவர் உள்ள பாலிசிகள் இப்போ சிலது இருக்கு, அதுலயும் ரெண்டு மூணு வருஷக் காத்திருப்பும், லட்சக் கணக்குல ஒரு உச்சவரம்பும் இருக்கும்.

மெயில் அனுப்பினவங்களோட பிரச்சினை விலக்கு 2-க்கும் 17-க்கும் நடுவுல இருக்கற வேலியில மாட்டினது. ஒரே ஆபரேஷன். ஒரே கட்டி. "கடுமையான மாதவிடாய் வலி, ஸ்கேனில் 5 செ.மீ. சாக்லேட் சிஸ்ட், அகற்றம்"னு ஃபைல் சொன்னா அது ஒரு நோய்க்கான சிகிச்சை. "குழந்தையின்மைக்கான ஆய்வு"ன்னு சொன்னா 17. பொய் எழுத வைக்கச் சொல்லலை, தயவுசெஞ்சு அந்த வேலையைப் பண்ணாதீங்க. உண்மையில ரெண்டும் இருக்கும்போது ரெண்டையும் டாக்டர்கிட்ட சொல்லுங்கன்னு சொல்றேன். கருத்தரிப்பு மையத்துல உட்காரும்போது நம்ம மனசுல குழந்தை மட்டும்தான் இருக்கும். 16 வருஷ வலி "அது எப்பவும் வர்றதுதானே"ன்னு வாய்லயே வராது. டாக்டரும் கேட்கலைன்னா ஃபைல்ல ஏறாது. முதல் விசிட்லயே எப்போ தொடங்குச்சு, எத்தனை நாள், எந்த மாத்திரை, எத்தனை நாள் லீவுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்க. ஃபோன்ல பீரியட்ஸ் ஆப் வச்சிருக்கறவங்களுக்கு அதுலயே பாதி இருக்கும்.

பாலிசி எடுத்துட்டு டாக்டரைப் பார்க்கலாமா?

இந்த இடத்துல ஒரு புத்திசாலி கேட்பார்: "அப்போ டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி பாலிசி எடுத்துடணும், கண்டுபிடிச்சுட்டா முன்பே இருந்த நோய் ஆயிடுமே?" நிறைய ஏஜென்ட்டுகளும் இதைத்தான் காதுல சொல்றாங்க.

கணக்குப் போட்டுப் பாருங்க. டாக்டரைப் பார்க்காம பாலிசி எடுத்தா 24 மாசக் காத்திருப்பு. பார்த்து, நோய்னு தெரிஞ்சு, அதைச் சொல்லி எடுத்தா அதிகபட்சம் 36 மாசம். வித்தியாசம் 12 மாசம். இந்தப் பன்னிரண்டு மாசத்துக்காக வலியோட ரெண்டு வருஷம் டாக்டரைத் தள்ளிப்போட்டா, கட்டி வளரும், ஒட்டல் கூடும், வயசும் கூடும். இதுல நான் ஒரு பக்கம்தான்: வலி இருந்தா இந்த வாரமே டாக்டர். பாலிசியையும் இந்த வாரமே எடுங்க, அது வேற வேலை. சொன்னதால பிரீமியம் கொஞ்சம் ஏத்தலாம், ஒரு கம்பெனி மறுக்கவும் செய்யலாம். அடுத்த கம்பெனியில கேளுங்க.

மறைக்கறது மட்டும் வேண்டாம். புரபோசல் ஃபார்ம்ல "பெண்களுக்கான நோய்கள் ஏதாவது உண்டா, அறிகுறி உண்டா"ன்னு கேட்டிருந்தா உள்ளதை எழுதுங்க. ஏஜென்ட் "நோ போடுங்க மேடம், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்வார். கிளெய்ம் வரும்போது பழைய பிரிஸ்கிரிப்ஷனைக் கேட்பாங்க. 60 மாசம் தொடர்ந்து பாலிசி ஓடினதுக்கு அப்புறம்தான், மோசடி தவிர, மறைச்சதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது. அஞ்சு வருஷம் பயத்தோட பிரீமியம் கட்டறதுக்கு மூணு வருஷம் நிம்மதியாக் காத்திருக்கலாம்.

நோய்னு எதுவும் தெரியாத, ஆனா மேலே சொன்ன குடும்ப வரலாறு இருக்கற 23, 24 வயசுப் பெண்களுக்குத்தான் இந்தக் கட்டுரையில பெரிய லாபம். 5 லட்சம் கவருக்கு இந்த வயசுல பெரும்பாலும் வருஷத்துக்கு ஆறாயிரத்துல இருந்து பத்தாயிரத்துக்குள்ள முடியும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. 26, 27-ல கல்யாணம் ஆகும்போது 24 மாசம் முடிஞ்சிருக்கும். பழைய வரி முறையில இருந்தா 80டி-ல ரூ.25,000 வரை கழிவும் கிடைக்கும். புது முறையில கிடையாது. வரிக்காக எடுக்காதீங்க, அது உபரி.

கம்பெனி பாலிசி, இஎஸ்ஐ

நல்ல குரூப் பாலிசியில காத்திருப்பு எல்லாம் தள்ளுபடி பண்ணியிருப்பாங்க. முதல் நாள்ல இருந்தே எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷன் கவர் ஆகலாம். ஏற்கெனவே நோய் இருக்கறவங்களுக்கு உண்மையிலேயே பெரிய வரம் அது, சம்பளத்துல ஐயாயிரம் கம்மின்னாலும் இந்தப் பாலிசிக்காக ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனா வேலையை விட்ட அன்னிக்கு அது முடிஞ்சுடும். விடறதுக்கு முன்னாடி, அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமான்னு எழுத்துல கேளுங்க. முடிஞ்சா நீங்க கழிச்ச காத்திருப்பு நாள்கள் கணக்குல வரும். சில பெரிய கம்பெனிகள் இப்போ ஐவிஎஃப்-க்கும் ஒரு தொகை வைக்கறாங்க. ஹெச்ஆர்-க்கு மெயில்ல கேட்க வேண்டியது ரெண்டே கேள்வி: விலக்கு 2 தள்ளுபடி உண்டா? விலக்கு 17-ல ஏதாவது தளர்வு உண்டா? உங்க நோயைப் பத்தி ஹெச்ஆர்கிட்ட எதுவும் சொல்லத் தேவையில்லை.

மாசச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவங்க இஎஸ்ஐ-ல இருப்பீங்க. சம்பளத்துல பிடிக்கறாங்கன்னு திட்டறதோட சரி, கார்டை யாரும் எடுக்கறதில்லை. டாக்டர், ஸ்கேன், மருந்துக்கு இஎஸ்ஐ-ல பாலிசி மாதிரி நோய்ப் பட்டியல் போட்டு 24 மாசம் காக்க வைக்கறது கிடையாது. இந்த நோய்க்கான மாத்திரை மாசக்கணக்குல, சிலருக்கு வருஷக்கணக்குல சாப்பிடணும். தனியா வாங்கினா பிராண்டைப் பொறுத்து மாசம் ஆயிரத்தையும் தாண்டும், சாதாரண பாலிசியில அந்த ஓபி செலவு வராது. இன்னொண்ணும் தெரிஞ்சிருக்கணும்: அந்த ஹார்மோன் மாத்திரைகள் வலியைக் குறைக்கும், சாப்பிடற வரைக்கும் கருத்தரிப்பைத் தடுக்கும். குழந்தைக்கு முயற்சி பண்றவங்களுக்கு அது வழி இல்லை. முதல் விசிட்லயே உங்க திட்டத்தைச் சொல்லிடுங்க.

ஐவிஎஃப் வரை போனா

தனியார்ல ஒரு சைக்கிளுக்கு, மருந்தோட சேர்த்து, ஒன்றரை முதல் இரண்டரை லட்சம்னு வச்சுக்கோங்க. முதல் சைக்கிள்லயே நிக்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது. தர்றேன்னு சொல்ற இடத்துக்குப் போகாதீங்க. 2021-ல வந்த சட்டப்படி ஒவ்வொரு மையமும் பதிவு பண்ணியிருக்கணும், அந்தச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்க. சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் இப்போ செயற்கைக் கருத்தரிப்பு மையம் இருக்கு. காத்திருக்கணும்தான். லட்சங்களோட ஒப்பிட்டா ஒரு நாள் லீவு போட்டு விசாரிச்சுட்டு வர்றது நஷ்டமில்லை.

சந்தேகம் இருக்கற தம்பதி, இப்போதைக்கு ரெண்டு மூணு வருஷம் குழந்தை வேண்டாம்னு இருந்தா, மாசம் ரூ.5,000 ஆர்டி போடுங்க. ஏழு சதவீத வட்டியில மூணு வருஷத்துல சுமார் ரூ.2 லட்சம். மூணு வருஷப் பணத்துக்கு ஈக்விட்டி எஸ்ஐபி வேண்டாம். மார்க்கெட் விழுந்த மாசத்துல டாக்டர் தேதி கொடுத்தா என்ன பண்ணுவீங்க? தேவைப்படலைன்னா அது வீட்டு அட்வான்ஸ். கிளினிக் ரிசப்ஷன்லயே "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு நீட்டற ஃபார்மை வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு, முன்கூட்டி அடைச்சா என்ன, ரொக்கமா கட்டினா பேக்கேஜ் விலை குறையுதான்னு பாருங்க. கையெழுத்து மறுநாள் போட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போகாது.

ஆனா அந்த "ரெண்டு மூணு வருஷம் வேண்டாம்" என்பதையே டாக்டர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் நிக்கலைன்னா டாக்டரைப் பார்க்கணும், 35-க்கு மேல ஆறு மாசம் என்பது பொது விதி. எண்டோமெட்ரியோசிஸ் ஏற்கெனவே தெரிஞ்சவங்க அந்த ஒரு வருஷம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

அந்த மெயிலுக்கு என்ன பதில் சொன்னேன்?

கேஷ்லெஸ் மறுத்தா கிளெய்மே முடிஞ்சு போச்சுன்னு அர்த்தமில்லை. பில்லைக் கட்டிட்டு ரீஇம்பர்ஸ்மென்ட்டுக்குப் போடலாம். டிஸ்சார்ஜ் சம்மரியோட ஆபரேஷன் குறிப்பு, எடுத்த கட்டியோட பயாப்சி ரிப்போர்ட், பழைய ஸ்கேன் எல்லாத்தையும் சேர்க்கச் சொன்னேன். காலேஜ் படிக்கும்போது வலிக்காகப் போன ஒரு கிளினிக்கோட சீட்டு அம்மா பீரோவுல இருந்து கிடைச்சது, 2016 தேதி போட்டு. ஆபரேஷன் பண்ணின டாக்டர்கிட்ட, கட்டியை எடுத்ததுக்கான மருத்துவக் காரணம் என்னன்னு ஒரு கடிதம் கேட்டாங்க. வலியும் கட்டியும் காரணம்னு தன்னோட ஃபைலைப் பார்த்து அவர் எழுதிக் கொடுத்தார். குரூப் பாலிசியில விலக்கு 2 தள்ளுபடின்னு ஹெச்ஆர் மெயிலும் வந்தது.

இப்போ ஒரு கிளெய்மை மறுக்கணும்னா கம்பெனிக்குள்ள இருக்கற ரிவ்யூ கமிட்டி பார்த்திருக்கணும், எந்த விதியின்படின்னும் எழுத்துல சொல்லணும். அதையும் கடிதத்துல கேட்டிருக்காங்க. குறைதீர்ப்புப் பிரிவு ஒரு மாசத்துக்குள்ள பதில் தரலைன்னாலோ, பதில் திருப்தியா இல்லைன்னாலோ, சென்னையில இருக்கற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்கிட்ட போகலாம். ஃபீஸ் கிடையாது, வக்கீல் வேண்டாம், மறுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

அவங்க பேப்பர் எல்லாம் அனுப்பி இன்னியோட 19 நாள் ஆகுது. இன்னும் பதில் வரலை. வந்ததும், அவங்க சம்மதிச்சா, எந்த வரிக்கு எந்த வரியில பதில் சொன்னாங்கன்னு கடிதத்தையே வச்சு ஒரு வீடியோ போடறேன். அதுவரைக்கும் உங்க குரூப் பாலிசி பிடிஎஃப்ல விலக்கு 2 பட்டியலைத் திறந்து பார்த்துட்டு, எத்தனை மாசம் போட்டிருக்குன்னு கமெண்ட்ல எழுதுங்க. கம்பெனி பேர் வேண்டாம்.